யயாதியின் கணக்கு

சட்டமும் உரைநடைதான். எழுதியவர்கள் சொற்களைத் தேர்ந்திருக்கிறார்கள். சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள், சிலவற்றை விட்டிருக்கிறார்கள். ஒரு சிறுகதையை வாசிக்கிற கவனத்தோடு ஒரு சட்டப் பிரிவை வாசிப்பதில் தவறில்லை. இது இலக்கியப் பத்திரிகைக்கு உரிய விஷயமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பிறப்பு, முதுமை, தகப்பன், தாய் ஆகிய சொற்களுக்கு அரசாங்கம் ஓர் அர்த்தம் எழுதிவைக்கும்போது அந்த அர்த்தத்தைப் பரிசீலிக்க நம்மைவிட்டால் வேறு யார்?

நான் எடுத்துக்கொள்கிற பிரதி, 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரி 25 முதல் அமலுக்கு வந்த வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம். அதில் வயதைப் பற்றிய வாசகங்கள் மட்டும். வேறொருத்தியின் கர்ப்பத்தில் தங்கள் கருவை வளர்த்துக் குழந்தை பெற விரும்பும் தம்பதியில், சான்றிதழ் வழங்கும் நாளன்று மனைவிக்கு 23 முதல் 50 வயதும் கணவனுக்கு 26 முதல் 55 வயதும் இருக்க வேண்டும். கணவனை இழந்தவளோ மணவிலக்குப் பெற்றவளோ தனியாக விண்ணப்பித்தால் 35 முதல் 45. தனியாக வரும் ஆணுக்கு இடமே இல்லை. சுமக்கிறவளுக்கு 25 முதல் 35. அவள் மணமானவளாகவோ மணமாகியிருந்தவளாகவோ, சொந்தக் குழந்தை உடையவளாக இருக்க வேண்டும். ஆயுளில் ஒருமுறைதான் சுமக்கலாம்.

முதல் வாசிப்பில் இந்த எண்கள் மருத்துவத்திலிருந்து வந்தவை போலத் தோன்றும். ஐம்பது என்றதும் மாதவிடாய் நிற்கும் வயது ஞாபகத்துக்கு வருகிறது. சட்டம் ஏதோ இயற்கையின் சொல்லைத்தான் திருப்பிச் சொல்கிறது என்று நாமும் நகர்ந்துவிடுவோம். ஆனால் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் மனைவி சுமக்கப் போவதில்லை. கருவைப் பல வருஷங்களுக்கு முன்பே உண்டாக்கி உறைநிலையில் வைத்திருக்கலாம். ஐம்பதாம் வயதில் அவள் கர்ப்பப்பை என்ன நிலையில் இருந்தாலும் அது இங்கே வேலை செய்யப் போவதில்லை. அப்படியானால் கணவனுக்கு மட்டும் ஐந்து வருஷம் கூடுதலாக ஏன்? இருவருமே சுமக்காதவர்கள், சுமக்காதவர்கள் என்ற வகையில் சமமானவர்கள்.

பதில் மருத்துவத்தில் இல்லை, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. நம் கல்யாண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. மூன்று வருஷ வித்தியாசம். அதே மூன்று வருஷம் இந்தச் சட்டத்தின் வாசலில் 23, 26 என்று வந்து நிற்கிறது. வெளியேறும் வாசலில் ஐந்தாகிறது. மாப்பிள்ளை பெண்ணைவிடச் சற்று மூத்தவனாக இருக்க வேண்டும் என்ற வீட்டுப் பெரியவர்களின் ஏற்பாடு உடலியல் உண்மையின் உடுப்பை மாட்டிக்கொண்டு சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. 52 வயது மனைவியும் 44 வயதுக் கணவனும் போனால் திருப்பி அனுப்பப்படுவார்கள். 50 வயது மனைவியும் 55 வயதுக் கணவனும் போனால் அனுமதி. முதல் தம்பதியின் வயதைக் கூட்டினால் 96, இரண்டாவது 105. பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெற்றோர் எத்தனை காலம் இருப்பார்கள் என்பதுதான் கவலை என்றால், சட்டம் தப்பான ஜோடியைத் திருப்பி அனுப்புகிறது.

தனித்து வரும் பெண்ணின் விஷயம் இன்னும் விசித்திரமானது. மணமானவளுக்கு ஐம்பது வரை அவகாசம். விதவைக்கு நாற்பத்தைந்தோடு முடிகிறது. விதிகளின்படி அவள் தன்னுடைய கருமுட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும். முப்பத்தைந்து வயதுவரை காத்திரு என்கிறது சட்டம். முட்டையின் வளம் குறையத் தொடங்குகிற வயதில் கதவைத் திறந்து, உன் முட்டைதான் வேண்டும் என்கிறது. ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் இதை ஐரனி என்போம்.

2

இதே அரசாங்கம் இதே கேள்விக்கு வேறு இடங்களில் வேறு பதில்கள் சொல்லியிருக்கிறது.

1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் தத்து எடுப்பவருக்கு உச்ச வயது கிடையாது. ஆண் பெண்பிள்ளையையோ, பெண் ஆண்பிள்ளையையோ எடுத்தால் 21 வருஷ இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். எழுபது வயதுக்காரர் ஒருவர் உறவில் ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தால் சட்டம் குறுக்கே வராது. பரம்பரை அறுந்துவிடக் கூடாது என்ற பயம்தான் அந்தச் சட்டத்தின் ஆதார உணர்ச்சி. அங்கே பிள்ளை என்பது தகப்பனுக்குச் செய்ய வேண்டிய கடன்களின் பெயர்.

2022ஆம் வருஷத்துத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் தொனி வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை எடுக்க வரும் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85க்கு மேல் போகக் கூடாது. தனியாக வருபவர் என்றால் 40. இரண்டிலிருந்து நாலு வயதுக் குழந்தைக்கு 90, 45. நாலிலிருந்து எட்டுக்கு 100, 50. எட்டுக்கு மேல் 110, 55. ஆண், பெண் வித்தியாசம் உச்ச வயதில் இல்லை. குழந்தையின் வயது ஏற ஏறப் பெற்றோரின் வயதுக்கும் இடம் விரிகிறது. இதை எழுதியவர் யாராயிருந்தாலும் குழந்தை நின்ற இடத்தில் நின்று எழுதியிருக்கிறார் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இந்தக் குழந்தை இருபதைத் தொடும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்ற ஒரே கேள்வியிலிருந்து அத்தனை எண்களும் பிறந்திருக்கின்றன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டு வயது 105 உள்ள ஒரு தம்பதி, ஏற்கெனவே பிறந்து தொட்டிலில் கிடக்கிற ஒரு சிசுவுக்குப் பெற்றோராக லாயக்கில்லை. அதே தம்பதிக்காக, இன்னும் இல்லாத ஒரு சிசுவை மூன்றாவது ஒருத்தியின் உடம்பில் உண்டாக்கித் தருவது சட்டப்படி சரி. இருக்கிற குழந்தைக்கு 85, உண்டாக்கப்படும் குழந்தைக்கு 105. குழந்தையின் நலன் என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே பொருளில் புழங்குவதாக இதற்குப் பிறகு என்னால் நம்ப முடியவில்லை. வித்தியாசத்தை விளக்க ஒரே காரணம்தான் எனக்குக் கிடைக்கிறது. இரண்டாவது குழந்தை சொந்த ரத்தம். சொந்த ரத்தம் என்றால் கேள்விகள் குறைகின்றன.

2025 அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சட்டம் வருவதற்கு முன்பே கருவை உண்டாக்கி உறைய வைத்துவிட்ட தம்பதிகளை, பிற்பாடு வந்த வயது வரம்பைக் காட்டித் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். நியாயமான தீர்ப்பு. ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றக் கூடாது. அதில் வந்த ஒரு வாதம் பலரால் எடுத்துச் சொல்லப்பட்டது: இயற்கையாகக் குழந்தை பெறுகிறவர்களுக்கு எந்த வயது வரம்பும் இல்லாதபோது, இவர்களின் வளர்க்கும் திறனை மட்டும் அரசு எப்படிச் சந்தேகிக்கலாம் என்பது. வழக்குக்கு அந்த வாதம் போதும். நம் கேள்விக்குப் போதாது. வரம்பு பின்னோக்கிப் பாயலாமா என்பதைத்தான் நீதிமன்றம் தீர்த்தது. வரம்பே வேண்டுமா என்பது நமக்கு மிச்சமிருக்கிறது.

இயற்கையாகப் பெறுகிறவர் அரசாங்கத்திடம் எதுவும் கேட்பதில்லை. இருவர், ஓர் அறை, அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. ஒரு மருத்துவமனை, ஒரு சான்றிதழ், குழந்தை யாருடையது என்று சொல்லும் மாஜிஸ்திரேட் உத்தரவு, எல்லாவற்றுக்கும் மேலாக மூன்றாவது ஒருத்தியின் ஒன்பது மாதம். இன்னொருவரின் உடம்பைக் கேட்கிறவனிடம் ஊர் சில கேள்விகள் கேட்கலாம். வயதும் அந்தக் கேள்விகளில் ஒன்றாக இருக்கலாம். வரம்பே கூடாது என்பவர்களோடு நான் பிரிகிற இடம் இதுதான்.

3

இனி முதுமை என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் சட்டத்தைவிட மகாபாரதம் துல்லியமானது.

யயாதிக்குச் சுக்கிரரின் சாபத்தால் அகால முதுமை வருகிறது. ஆசை தீரவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, என் முதுமையை எடுத்துக்கொண்டு உன் இளமையைக் கொடு என்கிறான். யது, துர்வசு, த்ருஹ்யு, அனு நால்வரும் மறுக்கிறார்கள். கடைசி மகன் பூரு சம்மதிக்கிறான். ஆயிரம் வருஷம் கழித்து, ஆசை அனுபவித்துத் தீர்வதில்லை என்று கண்டு யயாதி இளமையைத் திருப்பித் தருகிறான். பூருவுக்கு ராஜ்யம் கிடைக்கிறது. வழக்கமாக இந்தக் கதையை ஆசையின் அழிவின்மை பற்றிய நீதியாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கிரீஷ் கார்னாட் 1961இல் வெளியான தன் நாடகத்தில் அதை உலுக்கினார். பூருவின் மனைவி சித்ரலேகாவை அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு இரவுக்குள் கணவன் கிழவனாகிவிட்டதைக் காண்கிற அவள் விஷம் குடித்துச் சாகிறாள். தகப்பனுக்கும் மகனுக்கும் நடக்கிற கொடுக்கல் வாங்கலில் மூன்றாவது ஒருத்தி விலை கொடுக்கிறாள். மூலக் கதையில் அவளுக்கு இடமில்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்வோம்; பின்னால் தேவைப்படும்.

வயதான தகப்பன் பிள்ளையிடம் அன்பைக் குறைத்துத் தருவான் என்பது உண்மையல்ல. பொறுமை இல்லாதவனாக இருப்பான் என்பதும் உண்மையல்ல. நம் தெருவில் பாதிக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போகிறவர்கள் தாத்தாக்களும் பாட்டிகளும்தான். 2008இல் குஜராத்தின் ஆனந்தில் ஒரு வாடகைத்தாய் பெற்ற குழந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தையை வேண்டிய ஜப்பானியத் தம்பதி, அது பிறக்குமுன் பிரிந்துவிட்டார்கள். மனைவி குழந்தையை ஏற்கவில்லை. தகப்பன் விசா முடிந்து திரும்ப நேர்ந்தது. இந்தியாவுக்கு வந்து குழந்தையோடு இருந்தது தகப்பனின் தாய். ஓடிப்போனது இளமை, உட்கார்ந்திருந்தது முதுமை. முதுமை ஒரு தகுதிக்குறைவு என்கிற வாதத்துக்கு இந்த ஒரு வழக்கே பதில்.

ஆனால் முதுமை பிள்ளையிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் காலம். இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. நான் பிறந்தபோது என் அப்பாவுக்கு 52 வயது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. முடிக்கும்போது அவருக்கு 73. எம்.ஏ. படிப்பதா என்று வீட்டில் யாரும் விவாதிக்கவில்லை; கேள்வியே எழவில்லை. வங்கித் தேர்வு எழுதினேன். கவுன்ட்டரில் உட்கார்ந்தேன். என் வகுப்பு நண்பர்கள் சினிமாவும் காதலும் பேசிக்கொண்டிருந்த வருஷங்களில் எனக்குச் சிறுநீர்ப்பை, சர்க்கரை, கண்புரை ஆகியவற்றின் சொற்கள் பழக்கமாயின. அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. யயாதியாவது வாய்விட்டுக் கேட்டான். கேட்காமலே எடுத்துக்கொள்ளப்படுகிற இளமை இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன்.

இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. மனக்குறையாகச் சொல்வதற்குத் தர்க்க ரீதியாக எனக்கு வழியே கிடையாது. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. டெரிக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்தார். என் அப்பா முப்பதாம் வயதில் பிள்ளை பெற்றிருந்தால் எனக்கு இளமையான அப்பா கிடைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. வேறு ஒருவன் பிறந்திருப்பான். நான் இருந்திருக்க மாட்டேன். எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே அப்பா 52 வயது அப்பாதான். ஆகவே வயது வரம்பு வைத்து என்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அர்த்தமற்ற வாக்கியம். அந்த வரம்பு என்னை இல்லாமல் ஆக்கியிருக்கும். என் வாழ்க்கை இல்லாமலிருப்பதைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்தப் பத்திரிகையைப் படிக்கவாவது முடிகிறதே.

அப்படியானால் குழந்தையின் நலனுக்காக வரம்பு என்று சொல்கிற அத்தனை பேரும் ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் மொள்கிறார்கள். வரம்பினால் எந்தக் குறிப்பிட்ட குழந்தைக்கும் நன்மை இல்லை. அந்தக் குழந்தை பிறக்கப் போவதில்லை. இதைச் சொல்லிவிட்டு வரம்பு வேண்டாதவர்கள் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை. ஏனென்றால் வரம்பு என்பதைக் குழந்தைக்குத் தரும் பரிசாக மட்டும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பெரியவர்கள் தங்கள் ஆசைக்குத் தாங்களே போட்டுக்கொள்கிற ஒழுங்காகவும் அதைப் பார்க்கலாம். பூருவுக்கு நஷ்டமில்லை, ராஜ்யம் கிடைத்தது என்று கணக்குக் காட்டிவிடலாம். அதனால் யயாதி கேட்டது சரியாகிவிடாது. கொடுப்பவன் மனமுவந்து கொடுக்கிறான், கடைசியில் அவனுக்கு லாபமும் இருக்கிறது என்றாலும், சிலவற்றைக் கேட்காமலிருப்பது கேட்கிறவனின் தார்மீகம்.

4

கேட்கிறவனின் ஆசை எங்கிருந்து வருகிறது?

தசரதனைப் பார்க்கலாம். நம் மரபின் மிகப் பிரசித்தமான வயோதிகத் தகப்பன் அவன். அறுபதினாயிரம் வருஷம் ஆண்டவன் என்று கவிகள் சொல்கிறார்கள். அவன் குறை தனக்குப் பின் உலகைக் காக்க ஆளில்லை என்பது. யாகம் செய்கிறான், பாயசம் வருகிறது, நான்கு பிள்ளைகள். விசுவாமித்திரர் வந்து ராமனைக் கேட்கும்போது, இன்னும் பதினாறு நிறையாத பிள்ளை என்று வால்மீகியின் தசரதன் பதறுகிறான். பிந்திப் பிறந்த பிள்ளை மீதான அந்தப் பற்றில் மூச்சுத் திணறல் இருக்கிறது. பிள்ளை தன் வாழ்க்கையைத் தொடங்குவதற்கு முன்பே தகப்பனின் வாழ்க்கைக்கு விடையாகிவிடுகிறான். காட்டுக்குப் போனதும் விடை பறிபோகிறது, தகப்பன் சாகிறான். நீண்ட காத்திருப்புக்குப் பின் பெறுகிற பிள்ளைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எந்தச் சான்றிதழிலும் இதைச் சோதிக்க முடியாது.

பெண்ணின் பக்கத்தில் ஆசைக்கு வேறு ரிஷிமூலம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. அதைச் சுற்றி எழுந்த கூச்சலும், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளனின் பக்கம் நின்றதும் எல்லோருக்கும் தெரியும். கூச்சல் போட்டவர்களும் எதிர்த்தவர்களும் பதினாலாம் நாள் திருவிழா இரவைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த நாவலின் மையம் வேறு இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. காளியும் பொன்னாவும் ஒருவருக்கு ஒருவர் போதுமானவர்களாக வாழ்கிறார்கள். போதாது என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பது ஊர். விசேஷ வீட்டில் ஒதுக்குவது, சொத்து யாருக்கு என்று விசாரிப்பது, இன்னொரு கல்யாணத்துக்கு யோசனை சொல்வது என்று ஒவ்வொரு நாளும் அந்த ஆசை வெளியிலிருந்து உள்ளே தள்ளப்படுகிறது. மலடி என்ற சொல் தமிழில் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று கவனியுங்கள். மலடன் அகராதியில் தூங்குகிறான்.

முதலில் பிள்ளை இல்லையா என்று இருபது வருஷம் கேட்டு ஒருத்தியைத் துளைப்பது ஊர். அவள் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து, கடன் வாங்கி, ஐந்தாறு தடவை சோதனைக்குழாய் முறையில் தோற்று, கடைசியில் 51ஆம் வயதில் வந்து நிற்கும்போது இந்த வயதில் பிள்ளையா என்று சிரிப்பதும் அதே ஊர். இந்த இரண்டாவது குரலைத்தான் சட்டம் எண்ணாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. முதல் குரலைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. வயது வரம்பை ஆதரிக்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும். ஆசையை விதைத்துவிட்டு அறுவடை நேரத்தில் வேலி போடுவதற்குப் பெயர் ஒழுங்கு அல்ல.

5

இதுவரை இரண்டு தரப்பைப் பேசினேன், பெற்றோர், குழந்தை. பொதுவில் நடக்கிற விவாதமும் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. கார்னாட் மேடைக்குக் கொண்டுவந்த சித்ரலேகாவின் இடத்தில் இருக்கிற மூன்றாவது ஒருத்தி?

பைபிளின் ஆதியாகமத்தில் ஆபிரகாமின் மனைவி சாராள் பிள்ளை பெறாதவள். தன் அடிமைப்பெண் ஆகாரை அவனிடம் அனுப்புகிறாள். இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு 86 வயது. பிற்பாடு அவனுடைய 100ஆம் வயதில் சாராளுக்கே ஈசாக்கு பிறக்க, ஆகாரும் அவள் பிள்ளையும் வனாந்தரத்துக்குத் துரத்தப்படுகிறார்கள். அந்தக் கதையில் கிழவர்களின் வயது ஒரு அற்புதம். உக்கிரமான இடம் ஆகார் தண்ணீர் தீர்ந்து பிள்ளையைப் புதரடியில் விட்டுவிட்டு, அது சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தள்ளிப் போய் உட்காருகிற இடம். மார்கரெட் அட்வுட் 1985இல் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' எழுதியபோது இதே ஆதியாகமத்தின் இன்னொரு அடிமைப்பெண், ராகேலின் பில்காள், அதற்கு அடித்தளமானாள். அட்வுட்டின் சாதனை கற்பனைத் தேசத்தின் கொடுமைகளை அடுக்கியதில் இல்லை. கர்ப்பமாக மட்டும் கருதப்பட்ட ஒருத்தியின் வாயில் முழுக் கதையையும் வைத்ததில் இருக்கிறது.

நம் அகத்திணை மரபில் இரண்டு தாய் உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. ஒரே பெண்ணுக்கு இரண்டு தாய் என்பதில் நம் கவிஞர்களுக்குச் சங்கடமே இருக்கவில்லை. உடன்போக்கில் போய்விட்ட மகளைத் தேடி வழிப்போக்கர்களிடம் விசாரித்துக்கொண்டு சுரத்தில் நடப்பவள் செவிலி. இருவருக்கும் கூற்று உண்டு, இருவரும் பேசலாம். இன்று மூன்றாவதாக ஒருத்தி வந்திருக்கிறாள், சுமந்தவள். அவளுக்கு நாம் வைத்த பெயர் வாடகைத்தாய். சட்டம் வாடகையைத் தடை செய்துவிட்டது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் விதிகள் அனுமதிக்கிற பிற செலவுகளும் தவிர அவளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. வாடகை போன பிறகும் வாடகைத்தாய் என்ற பெயர் போகவில்லை. இதைவிட மோசம், 2021இலேயே இயற்றப்பட்ட இரட்டைச் சட்டங்களில் ஒன்று பெற்றோரை 'உத்தேசிக்கும்' தம்பதி என்கிறது. செயற்கைக் கருத்தரிப்புக்கான மற்றது 'கமிஷனிங்' தம்பதி என்கிறது, ஓவியத்துக்கோ கட்டடத்துக்கோ ஆர்டர் கொடுத்தவர்களைச் சொல்வதுபோல. பெற்றோருக்கு உத்தேசமும் உத்தரவும் உண்டு. சுமப்பவளுக்கு எஞ்சுவது இசைவு என்ற ஒரு கையெழுத்து.

அவளுடைய வயது வரம்பை இப்போது திரும்பப் படியுங்கள். 25 முதல் 35. பத்தே வருஷம். இங்கே மட்டும்தான் எண் உண்மையிலேயே உடம்பைப் பற்றியது. கேட்கிறவர்களின் வயது ஏற ஏற வயது இடைவெளியும் ஏறுகிறது. 55 வயதுக்காரருக்காக 25 வயதுப் பெண் சுமக்கலாம், முப்பது வருஷம். யயாதிக்கும் பூருவுக்கும் நடுவில் இருந்ததும் ஒரு தலைமுறைதான். இளமையிலிருந்து முதுமைக்குச் செல்கிற இந்தக் கொடை காசு வாங்காமல் நடக்கும் என்று சட்டம் நம்புகிறது. குடும்பத்துக்குள் அப்படி நடக்கலாம். கொழுந்தன் மனைவி, அக்கா மகள், கணவனை இழந்து அண்ணன் வீட்டில் இருக்கிற தங்கை. நம் குடும்பங்களில் மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர்கள் யார் என்பது நமக்குத் தெரியாதா? பூருவின் நான்கு அண்ணன்மார்கள் மறுத்தார்கள், சாபம் வாங்கினார்கள். மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் இசைவை அளக்க வேண்டும்.

6

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். வயதை எண்ணாகப் பார்ப்பது என் அன்றாடம். வீட்டுக் கடன் கேட்டு 58 வயதுக்காரர் வந்தால் அவரை வெளியே போகச் சொல்வதில்லை. தவணைக் காலத்தைச் சுருக்குகிறோம், மகனையோ மகளையோ உடன்கடனாளியாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறோம். உங்களுக்குப் பின் யார் என்பதுதான் எங்கள் கேள்வி. அது இரக்கமற்ற கேள்விதான். ஆனாலும் நேர்மையானது, கேட்பவனுக்கும் சொல்பவனுக்கும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியும். குழந்தை கடன் அல்ல, வீடும் அல்ல என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் நாடாளுமன்றம் இந்த அளவு நேர்மையாகக் கேட்டிருக்கலாம்.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வரம்பு வேண்டும். ஆனால் அது ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. தத்தெடுப்பில் இருப்பதுபோலக் கூட்டு வயதாக இருக்கட்டும். தொட்டிலில் இருக்கிற குழந்தைக்கும் உண்டாக்கப்படும் குழந்தைக்கும் ஒரே எண்ணாக இருக்கட்டும். அந்த எண் 85 தானா 95ஆ என்பதில் பிடிவாதமில்லை. இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம் உண்டு. தனித்து வரும் பெண்ணுக்கு விதவைக் கோலமோ மணவிலக்குத் தீர்ப்போ நுழைவுச்சீட்டாக இருக்கக் கூடாது. எண்ணைச் சற்றே தாண்டியவர்களிடம், உங்களுக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார் என்று கேட்டு, அந்த யாரோ ஒருவர் நேரில் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் அனுமதிக்கலாம். இத்தனையும் சேர்ந்தால்கூடப் பாதிக் கணக்குதான். சுமப்பவளை, தம்பதியும் உறவினரும் இல்லாத அறையில், மறுத்தால் எவருக்கும் தெரியாது என்ற உத்தரவாதத்தோடு, ஒருமுறை கேட்க வேண்டும். அவளுடைய பதில் கோப்பில் அவள் வார்த்தைகளிலேயே இருக்க வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையில்லாதவளின் துக்கத்தை நம் புனைகதை நிறைய எழுதிவிட்டது; சில இடங்களில் நன்றாகவும் எழுதியிருக்கிறது. கிழத் தகப்பனின் பிள்ளையாக இருப்பதைப் பற்றி, பள்ளிக்கூட வாசலில் தாத்தா வந்திருக்கிறார் என்று யாரோ சொல்லத் திரும்பிப் பார்ப்பதைப் பற்றி, நான் வாசித்த அளவில் எழுத்து மிகக் குறைவு. சுமந்து கொடுத்தவள் பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து, பால் கட்டிய மார்போடு தன் சொந்தக் குழந்தைக்குச் சோறு பிசைவதைப் பற்றியும் அப்படித்தான். யதுவின் பார்வையிலிருந்து, மறுத்தவனின் பார்வையிலிருந்து, யயாதி கதையை எழுதிப் பார்க்க யாராவது முன்வந்தால் நல்லது. சட்டத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. கூற்று கொடுப்பது நம் கையில் இருக்கிறது.